இரண்டாவது ஒன்ஸ்மோர்

குத்துக்கல்வலசை தளவாய் போலீஸில் சேர்ந்ததற்கு அவருடைய உயரமும் மீசையும்தான் காரணம். ஆளை நிறுத்தி உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அளந்தார்கள். மார்பைச் சுற்றி டேப் போட்டார்கள். பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள். சந்தையில் உழவு மாடு பிடிக்கிறவன்கூட அவ்வளவு சிரத்தையாகப் பார்க்கமாட்டான். தலைக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. சர்க்காருக்கு அது தேவைப்படவும் இல்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம். அண்ணன்மார் மூன்று பேரும் வயலோடு கிடந்தார்கள். நாலாவது ஆளுக்குப் பங்காக வந்தது வரப்பு மட்டும்தான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். சிவப்புத் தலைப்பாகை தலையில் ஏறிய நாளிலிருந்து அந்தக் கேலி நின்றது. பந்தியில் முதல் இலை அவருக்கு. கோயில் கொடைத் திருவிழாவில் அவர் வந்த பிறகுதான் மேளம். அவருடைய மனைவி ஆவுடைத்தாய் குளத்துக்குக் குளிக்கப் போனால் படித்துறையில் மற்றவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். தலைப்பாகையைக் கழற்றினால் தளவாய் மறுபடியும் அந்த நாலாவது ஆள், அவ்வளவுதான். அது அவருக்கும் தெரியும், ஆவுடைத்தாய்க்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

தென்காசி ஸ்டேஷனில் ரைட்டரை விட்டால் தமிழ் எழுதத் தெரிந்தவர் தளவாய் ஒருவர்தான். எழுதத் தெரியும் என்பதற்காக வேகமாக எழுதுவார் என்று நினைத்துவிடக் கூடாது. இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து அது. ஒவ்வொரு எழுத்தையும் நாற்று நடுகிற மாதிரி குனிந்து ஊன்றி வைப்பார். 'ழ' வந்துவிட்டால் நாக்கு தன்னால் வெளியே வரும். களவு போன ஆட்டுக்கு இவர் புகார் எழுதி முடிப்பதற்குள் ஆடு இரண்டு ஈத்து ஈன்றுவிடும் என்று ரைட்டர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

முப்பதாம் வருஷம் சித்திரையில் வேதாரண்யத்தில் உப்புக் காய்ச்சினார்கள். உலகத்தில் பாதியைக் கட்டி ஆளுகிறோம் என்று மார்தட்டியவர்களுக்கு ஒரு பிடி உப்பைப் பார்த்ததும் ராத்தூக்கம் போய்விட்டது. பீரங்கி வைத்திருக்கிறவனுக்குப் பயம் வந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. தென்காசியில் அது நாடகக் கொட்டகை வாசலில் வந்து நின்றது.

நாடகம் போட வேண்டுமென்றால் புத்தகத்தை முன்கூட்டியே கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் கும்பிட்டுக்கொண்டே கொண்டுவந்து கொடுப்பார்கள். எல்லாம் புராணம். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஒரு சாமி இருப்பார், ஒரு அசுரன் இருப்பான். அசுரன் எந்தச் சீமைக்காரன் என்று எழுதியிருக்காது. ஆனால் பபூனுக்குப் புத்தகம் கிடையாது. ராஜபார்ட்டுக்கு வசனம் உண்டு, ஸ்திரீபார்ட்டுக்குப் பாட்டு உண்டு. பபூன் மட்டும் எல்லாருக்கும் முன்னால் மேடைக்கு வந்து, கூட்டத்தின் முகத்தைப் பார்த்து, அன்றைக்கு வாயில் என்ன வருகிறதோ அதைப் பேசிப் பாடிவிட்டுப் போவான். சர்க்கார் லைசென்ஸ் கொடுத்தது புத்தகத்துக்கு. ஜனங்கள் வந்தது பபூனைப் பார்க்க.

அந்த வருஷத்துக் குற்றாலச் சாரலுக்குத் தென்காசிக் கொட்டகையில் இறங்கியிருந்த பபூனுக்குப் பலவேசம் என்று பெயர். புளியங்குடிப் பக்கத்துக்காரன். எலுமிச்சம்பழ மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், மூட்டையை விடத் தன் வாய் கனமானது என்று கண்டுபிடித்துக் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். ஒடிசலான ஆள். தொண்டை மட்டும் கோயில் மணி.

ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் சங்கரநாராயணன் உத்தியோகத்தில் மேலே போக வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவர். ஏறுவதற்கு ஏணி கிடைக்காத நேரத்தில் பலவேசம் கிடைத்தான். தளவாயைக் கூப்பிட்டார்.

"தளவாய், கொட்டகைல மொத பெஞ்சுல போய் இரியும். அந்தப் பபூன் என்ன பாடுதானோ, ஒரு எழுத்து விடாம எழுதிட்டு வாரும். அவன் வாயிலேயே அவனுக்கு வெலங்கு மாட்டுதேன்."

தளவாய்க்கு நாடகம் என்றால் இளக்காரம். வேலை வெட்டி இல்லாதவன் பார்ப்பது, அதைவிட வேலை இல்லாதவன் ஆடுவது என்பது அவர் கட்சி. முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போனார். போன முதல் நாளே பலவேசம் அட்டைப் பாட்டைப் பாடினான். மழைக்காலத்தில் குற்றால மலை ஏறுகிறவர்களின் காலில் ஏறுமே, அந்த அட்டை.

சாரல் மழையில் வந்த அட்டே
சத்திரம் பாத்து நின்ன அட்டே
கேக்காமக் கால்ல ஏறிக்கிட்டு
கெண்டச்சதை ரத்தம் குடிச்ச அட்டே
பிச்சு எறிஞ்சாப் போவ மாட்டே
பேசிப் பாத்தா எறங்க மாட்டே
ஒத்தப் பிடி உப்பக் கண்டா
உருண்டு விழுந்து ஓடும் அட்டே

கொட்டகை கைதட்டி அடங்கியபோது தளவாய் 'சத்திரம் பாத்து' என்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் சங்கரநாராயணன் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"என்னவே இது? அட்டை வந்துச்சு, சத்திரம் பாத்துச்சு. இதுல ராஜத்துரோகம் எங்கவே இருக்கு?"

"மிச்சத்துல இருக்கு எசமான்."

"அரைப் பாட்டுக்கு அரை ஜெயிலா குடுப்பான்? முழுசா வேணும். அவன்கிட்டயே போய்க் கேட்டு எழுதிராதியும், கேசு நிக்காது. மேடைல அவன் பாடணும், உம்ம காதுல விழணும், நோட்டுல ஏறணும். இல்லன்னா தலைப்பாவக் கழத்தி இந்த மேசைல வச்சிட்டு ஊரப் பாத்துப் போயிரும்."

அடுத்த ஆட்டத்துக்குத் தளவாய் பென்சிலை இரண்டு பக்கமும் சீவிக்கொண்டு போனார். பலவேசம் முன்பெஞ்சில் சிவப்புத் தலைப்பாகையைப் பார்த்தான். பார்த்துவிட்டு அதே பாட்டைத்தான் எடுத்தான். பயப்படுகிற பிறவி இல்லை அவன். தளவாய் விழுந்து விழுந்து எழுதினார். நாக்கு வெளியே தொங்கியது. 'கெண்டச்சதை' வரை வந்துவிட்டார். அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

இன்னும் நாலு அடி பாக்கி. தலைப்பாகை கழன்று மேசையில் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது என்ன செய்வது? அந்த நாளில் கொட்டகைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. யாராவது எழுந்து 'ஒன்ஸ்மோர்' என்று கேட்டுவிட்டால் பாடினவன் மறுபடி பாடியே தீரவேண்டும். செத்துப்போன ராஜாகூட எழுந்து உட்கார்ந்து பாடிவிட்டு மறுபடி சாக வேண்டும். அந்தச் சட்டத்தை மீறின நடிகனை யாரும் கண்டதில்லை. முதல் நாள் ஆட்டத்திலேயே அதைக் கண்ணால் பார்த்திருந்த தளவாய், தாம் யார், என்ன உடுப்புப் போட்டிருக்கிறோம் என்பதெல்லாம் மறந்து, ஆறடி உயரமும் எழுந்து நின்று கத்தினார்.

"ஒன்ஸ்மோர்!"

ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டார். சர்க்காரே ஒன்ஸ்மோர் கேட்கிறதா? பிறகு தகரக் கூரை பெயர்ந்துவிடும் போல ஒரு சத்தம். ஜனங்கள் தளவாயைப் பார்த்துக் கும்பிட்டார்கள், விசில் அடித்தார்கள். பலவேசம் அவரைப் பார்த்துக் குனிந்து ஒரு சலாம் வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து, இன்னும் நிதானமாகப் பாடினான். இந்தத் தடவை எட்டு அடியும் நோட்டில் ஏறிவிட்டது. முற்றுப்புள்ளிகூட வைத்தாகிவிட்டது.

அதோடு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தளவாய் நோட்டை மூடினார். பென்சிலைக் காதில் செருகினார். பலவேசம் கடைசி அடியைத் திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தான். எழுத வேண்டியது எதுவும் இல்லாததால் அன்றுதான் முதன்முதலாகப் பாட்டு அவர் காதில் பாட்டாக விழுந்தது. 'உருண்டு' என்ற இடத்தில் பலவேசம் குரலைக் கீழே கீழே இறக்கிக்கொண்டுபோய், இனி இல்லை என்று நினைக்கும்போது ஒரு சின்ன நிறுத்தம் நிறுத்தி, 'விழுந்து' என்று எங்கிருந்தோ எடுப்பான். அந்த இடத்தில் தளவாய்க்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. அப்படிச் சந்தோஷமாக இருந்து அவருக்கு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மறுபடி எழுந்துவிட்டார்.

"ஒன்ஸ்மோர்! ஒருக்கப் பாடினது ஒன்ஸ்மோரு, இது அதுக்கு மேல ஒன்ஸ்மோரு!"

அந்தத் தடவை ஆயிரம் பேரும் சேர்ந்து பாடினார்கள். சர்க்கார் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்திருந்தால்கூடப் பாட்டு அவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது. நாலு நாளில் புளியங்குடி எலுமிச்சம்பழச் சந்தையில் ஏலம் விடுகிறவன் பாடினான். அருவியில் தலை நனைக்க வரிசையில் நின்றவர்கள் பாடினார்கள். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் மலையாளத்துக்காரர்கள் அர்த்தம் தெரியாமலே பாடினார்கள்.

சங்கரநாராயணன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் நோட்டில் பாட்டு முழுசாக, தெளிவாக இருந்தது. ஏணியைக் கோணலாகச் சாத்திவிட்டான் என்பதற்காக ஏறாமல் இருக்க முடியுமா? பலவேசத்தைப் பிடித்து உள்ளே போட்டார்.

பிறகு வந்ததுதான் வேடிக்கை. அந்தக் காலத்து ஸ்பெஷல் நாடகக்காரர்கள் ஒத்திகை பார்ப்பது கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவாள். மேடையில்தான் முகத்தையே பார்ப்பார்கள். ஆனால் தென்காசி ஸ்டேஷனில் கோர்ட்டில் சாட்சி சொல்வதற்கு மூன்று நாள் ஒத்திகை நடந்தது. ரைட்டர் தோளில் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு எதிர்க்கட்சி வக்கீல். சங்கரநாராயணன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு மாஜிஸ்திரேட் துரை. தளவாய் மட்டும் தளவாய்.

"ஒன்ஸ்மோர் கேட்டது யாரு?" என்பார் ரைட்டர்.

"நான்தான்" என்பார் தளவாய்.

"கூட்டம்னு சொல்லும்வே!" என்று துரை நாற்காலியிலிருந்து குதிப்பார். "கூட்டம் கேட்டுதுன்னு சொன்னா, பாட்டு ஜனங்களத் தூண்டி விட்டுட்டுன்னு அர்த்தம். ரெண்டு வருசம் உள்ள போவான். போலீஸே கேட்டுதுன்னு சொன்னீர்னா, நாமளே பாடச் சொல்லிட்டு நாமளே பிடிச்ச மாதிரி ஆயிரும். என் தலையும் போவும், உம்ம தலைப்பாவும் போவும்."

வீட்டில் ஆவுடைத்தாயிடம் சொன்னார். அவள் சோற்றை இலையில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒன்ஸ்மோரு கேட்டியளாமே, ஊரே சிரிக்கி. மொதத் தடவ எழுதக் கேட்டிய, சரி. அடுத்தது எதுக்குக் கேட்டிய?"

தளவாய் குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

"எனக்குத் தெரியும், எதுக்குன்னு. அத நீங்க கோர்ட்டுல சொல்லிராதிய. அவன் நாடகக்காரன், ஜெயிலுக்குப் போனாலும் வந்து பாடிப் பொழச்சிக்குவான். நாம இந்த உடுப்பு இல்லன்னா உங்க அண்ணன் வீட்டு வாசல்லதான் நிக்கணும்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதனால்தான் தளவாய்க்குச் சோறு இறங்கவில்லை.

ஜாயிண்ட் மாஜிஸ்திரேட் துரை சாரலுக்குக் குற்றாலம் பங்களாவில் முகாம் போட்டிருந்தார். நீதியும் அவரோடு கூடவே வந்து அருவிச் சத்தத்தில் தங்கியிருந்தது. பங்களா வராந்தாதான் கோர்ட். எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத்தலையோடு பாதி ஊர் வெளியே நின்றது. பலவேசத்தைக் கைவிலங்கோடு ஒரு தூணோரம் நிறுத்தியிருந்தார்கள்.

முதலில் பாட்டை மொழிபெயர்ப்புக் குமாஸ்தா இங்கிலீஷில் வாசித்தார். தாளம் இல்லை, ராகம் இல்லை, குரல் இல்லை. 'மழைக்காலத்தில் வரும் அட்டை என்னும் பூச்சி விடுதியின் அருகில் நிற்கிறது, உப்பிட்டால் விழுகிறது' என்கிற தினுசில் அது போயிற்று. துரை கவனமாகக் கேட்டார். முந்தின வாரம்தான் செண்பகாதேவி அருவிக்கு மலையேறிப்போய்க் காலில் ஆறு அட்டையோடு இறங்கியவர் அவர்.

"விஷயம் சரிதான். புகையிலைத் தண்ணியும் நல்லது" என்றார்.

பலவேசத்தின் வக்கீல் நெல்லையப்பன் இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். "அதைத்தான் நானும் சொல்கிறேன். குற்றாலத்துக்கு வருகிற ஜனங்களுக்கு உபகாரமான பாட்டு. சர்க்காரே சுகாதார இலாகா மூலமாகப் பாடவைத்திருக்கலாம்."

கூண்டில் நின்ற சங்கரநாராயணனுக்குப் பொறுக்கவில்லை. "இல்லை யுவர் ஆனர்! அட்டை என்றால் அட்டை இல்லை. அட்டை என்றால் கவர்மெண்ட்!"

"அப்படியா? எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று நெல்லையப்பன் ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

"கூப்பிடாமல் வந்தது. ரத்தத்தை உறிஞ்சுகிறது. போ என்று சொன்னால் போக மாட்டேன் என்கிறது. இதற்கு மேல் என்ன பொருத்தம் வேண்டும்?"

வராந்தாவுக்கு வெளியே யாரோ ஒருவன் சிரித்தான். துரை சிரிக்கவில்லை. குமாஸ்தா அதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். பிரிட்டிஷ் சர்க்கார் அட்டை என்று அந்த ஜில்லாவில் திறந்த கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னவர் ஒருவர்தான், அவர் சர்க்கார் சம்பளம் வாங்கிய சப் இன்ஸ்பெக்டர்.

அடுத்து தளவாய். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கூண்டில் ஏறினார். சத்தியம் வாங்கினார்கள். நெல்லையப்பன் சுற்றி வளைக்கவில்லை.

"ஒன்ஸ்மோர் கேட்டது யார்?"

தளவாய் சங்கரநாராயணனைப் பார்த்தார். மூன்று நாள் ஒத்திகை தொண்டைவரை வந்தது. வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அதில் பாதிப்பேர் அன்றைக்குக் கொட்டகையில் இருந்தவர்கள். பச்சைப் பொய்யை எப்படிச் சொல்வது?

"நான்தான் கேட்டேன்."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவ."

"ஆக, பாட்டு மூன்று தடவை பாடப்பட்டது. முதல் ஒன்ஸ்மோர் எதற்காக?"

"எழுத்து பிந்திப்போச்சு. எழுதுறதுக்காவ."

"அப்புறம் பாட்டு முழுவதும் எழுதி முடித்து, நோட்டை மூடி, பென்சிலைக் காதில் வைத்துக்கொண்டீர்கள். ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஏன் மறுபடி பாடச் சொன்னீர்கள்?"

துரை நல்ல மனுஷர். ஒரு போலீஸ்காரன் கூண்டில் நின்று வியர்ப்பதைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். பரீட்சைக்குப் படித்த தமிழில் தாமே ஒரு வழி திறந்துவிட்டார்.

"எழுதியது சரியா என்று ஒத்துப் பார்ப்பதற்குத்தானே?"

ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். உத்தியோகம் தப்பும். ஆவுடைத்தாய்க்குப் படித்துறையில் இடம் இருக்கும். ஒத்துப் பார்ப்பதும் கடமைதானே, யாருக்கும் பாதகமில்லை. தளவாய் தலையை அசைக்கத்தான் போனார். அப்போது தூணோரம் நின்ற பலவேசத்தின் முகம் கண்ணில் பட்டது. அவன் ஜெயிலுக்குப் பயந்த முகத்தோடு நிற்கவில்லை. ஆட்டம் முடிந்து திரை விழுந்த பிறகு, நல்லாருந்துச்சா என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கிற நடிகனுடைய முகம் அது. விலங்கு மாட்டியிருந்த இரண்டு கையையும் கோத்துக்கொண்டு தளவாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல தொரை" என்றார் தளவாய். "பாட்டு நல்லாருந்துச்சு. அதான் கேட்டேன்."

பலவேசத்துக்கு ஆறு மாதம். இரண்டு வருஷம் போட்டிருக்கலாம், போலீஸ்காரரே கேட்டுப் பாடினதால் ஆறு மாதம் என்று துரை எழுதினார். தளவாயை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. பாட்டு எழுதினால் தண்டனை, பாடினால் தண்டனை, அச்சடித்தால் தண்டனை. நல்லாருக்கிறது என்று சொன்னால் என்ன தண்டனை என்று சட்டப் புத்தகத்தில் இல்லை. திருநெல்வேலியில் பதினேழு நாள் தேடினார்கள். அந்தப் பதினேழு நாளும் தளவாய் போலீஸ்காரராகவே இருந்ததால், பலவேசத்தைப் பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் கூட்டிப்போகிற டூட்டியும் அவர் தலையிலேயே விழுந்தது.

செங்கோட்டை வண்டியில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பாவூர்சத்திரம் தாண்டியதும் பலவேசம் மெல்ல ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி, கடேசித் தடவ பாடினப்ப சுதி கொஞ்சம் எறங்கிப்போச்சு. தொண்ட கட்டிட்டு. கவனிச்சிருப்பிய."

"எங்க எறங்குச்சு? அதுலதான் 'விழுந்து'ங்கற எடம் சரியா வந்துச்சு. மொதத் தடவ நீ அவசரப்பட்டுட்ட."

பலவேசம் அந்த இடத்தை வாய்க்குள் ஒருதரம் பாடிப் பார்த்தான். "ஆமா, அவசரப்பட்டுட்டேன்" என்றான். கீழக்கடையத்தில் இரண்டு பேருக்குமாகத் தளவாய் வடை வாங்கினார். விலங்கு போட்ட கையோடு தின்பது சிரமமாக இருந்ததால் பிட்டுப் பிட்டுக் கொடுத்தார்.

உத்தரவு வந்தது. கான்ஸ்டபிள் தளவாய்க்குக் காது கோளாறு, ஆகவே உத்தியோகத்துக்கு லாயக்கில்லை என்று டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு வந்தது. டாக்டர் அவர் காதைப் பார்த்ததே இல்லை. அந்த ஸ்டேஷனிலேயே ஒழுங்காகக் கேட்ட காது அது ஒன்றுதான். தலைப்பாகையை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். நாலாம் நாள் ஆவுடைத்தாய், "வாங்க, ஒங்க அண்ணன் வயல்ல களை எடுக்கக் கூப்பிட்டிருக்காவ" என்று களைக்கொத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். படித்துறையில் அவளுக்கு யாரும் இடம் விடவில்லை. அதற்காக அவள் அவரை ஒரு வார்த்தை குத்திக்காட்டினதும் இல்லை.

பலவேசம் வெளியே வந்தான், பாடினான், மறுபடி உள்ளே போனான். அப்படியே பல வருஷம். நாற்பத்திரண்டில் போனவன் நாற்பத்துநாலில் வெளியே வந்தபோது மார்புச்சளி குரலை அரித்துத் தின்றிருந்தது. மறு வருஷம் புளியங்குடியில் செத்துப்போனான். எடுத்துப் போட நாலு பேர் வந்தார்கள். தளவாய் ஒருவர்.

நாற்பத்தேழு ஆகஸ்டில் தென்காசியில் சுதந்திர விழா மேடை போட்டார்கள். அன்றைக்கு ஊரில் கதர் கட்டாதவனைக் காணோம். போன வாரம்வரை துரைக்குக் குடைபிடித்தவர்களும் கதர், குடைக்குக் காம்பு செய்து கொடுத்தவர்களும் கதர். மேடை நடுவில் ரிட்டயரான பெரிய அதிகாரி சங்கரநாராயணன் உட்கார்ந்திருந்தார். அட்டை ஏணி அவரை டெப்டி சூப்பிரண்டெண்டு வரை ஏற்றியிருந்தது. எழுந்தார், தொண்டையைச் செருமினார்.

"முப்பதாம் வருஷத்திலேயே, துரையின் முகத்துக்கு நேரே, பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு அட்டை என்று சொன்னவன் நான்! வெறும் வாய்ப்பேச்சு இல்லை, கோர்ட் ரிக்கார்டு இருக்கிறது!" என்று ஒரு காகிதத்தை உயர்த்திக் காட்டினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. முத்திரை குத்தின நகல். கைதட்டல் காதைப் பிளந்தது.

தளவாய் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை. கமிட்டி செயலாளர் ஒருவர், சின்ன வயசுக்காரர், அவரைத் தேடிப் பிடித்து மேசைக்குக் கூட்டிப்போனார்.

"அண்ணாச்சி, தியாகி பட்டியல் எழுதுதோம். பாட்டுக்காவ உத்தியோகத்த விட்டவுகன்னு உங்க பேரச் சொன்னாவ. ஆனா ரிக்கார்டுல உங்க வாக்குமூலத்தப் பாத்தா தேசம்னு ஒரு வார்த்தை இல்ல. 'நல்லாருந்துச்சு'ன்னு மட்டுந்தான் இருக்கு. நாட்டுக்காவத்தான் கேட்டேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க, மேல ஏத்தி மால போட்டுருதோம்."

பேனாவை நீட்டினார். ஒரு வரிதான். ஆவுடைத்தாய் இதைக் கேட்டால் எழுதச் சொல்லித்தான் சொல்லுவாள், பாவம், பதினேழு வருஷம் களை பிடுங்கியவள். தளவாய் பேனாவைத் தொடவில்லை.

"தம்பி, அன்னைக்கு நான் நாட்ட நெனைக்கல. அவன் பாடுனது நல்லாருந்துச்சு, அவ்வளவுதான். அவன் பாட்டு எதுக்காவப் பாடினான்னு சொல்லுததுக்கு இன்னைக்கு ஆயிரம் பேரு இருக்கிய. அவன் நல்லாப் பாடினாம்னு ரிக்கார்டுல சொன்ன ஆளு நான் ஒருத்தன்தான். நானும் மாத்தி எழுதிட்டேன்னா செத்தவனுக்கு யாரு இருக்கா?"

செயலாளருக்குப் புரியவில்லை. பெயரை அடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். மேடையில் சங்கரநாராயணனுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தளவாய் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குத்துக்கல்வலசைப் பாதையில் நடந்தார்.